வயதுக்கு வந்த பிள்ளைக்குப் பச்சை முட்டை கொடுக்கலாமா? நாட்டுக்கோழி முட்டைதான், ஆனாலும் யோசனையாக இருக்கிறது

காரைக்குடி மருமகள்:

மகள் போன வாரம் வயதுக்கு வந்தாள். சேதி போன அன்றைக்கே அவளுடைய அப்பத்தா பள்ளத்தூரிலிருந்து ஒரு தூக்குவாளியில் தவிட்டுக்குள் புதைத்து நாட்டுக்கோழி முட்டையோடு வந்து இறங்கிவிட்டார்கள். காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டை, அப்புறம் அதே ஓட்டில் அளந்து நல்லெண்ணெய், கொஞ்ச நேரம் கழித்து உளுந்தங்களி. களியும் எண்ணெயும் எனக்குப் பிரச்சினை இல்லை. பச்சை முட்டைதான் உறுத்துகிறது. பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்கே அரசாங்கம் 2025ல் தடை போட்டதே, இதை எப்படிக் கொடுப்பது? கேட்டால் "கடை முட்டையா கொடுக்கிறேன், நாட்டுக்கோழி முட்டைடி" என்கிறார்கள். நாட்டுக்கோழி முட்டையில் கிருமி இருக்காதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சண்டை போடாமல்.

வளவு வீட்டுக்காரன்:

சண்டை எதற்கு? பிள்ளைக்கு வாழ்த்துகள். எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள், எல்லோரும் இடுப்புவலி என்று ஒருநாள் படுக்காமல் பிள்ளை பெற்று, மாவாட்டி, கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள். பண்ணைக்கோழிக்கு ஊசியும் மருந்தும் போட்டு வளர்க்கிறான், கூண்டை விட்டு நகர விடுவதில்லை, அதில் கிருமி வரும். மண்ணைக் கிளறிப் புழு பூச்சி தின்று வளர்கிற கோழிக்கு எதிர்ப்பு சக்தி அதிகம். அப்பத்தா சொல்வதைக் கேளுங்கள். மயோனைஸ் விவகாரம் வேறு, அது கடைக்காரன் செய்கிற அட்டூழியம்.

லேப் அக்கா:

வளவு வீட்டு அண்ணன் கடைசி வரியில் சொன்னது பாதி சரி. மற்றதுக்கு வருகிறேன். நுண்ணுயிரி ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டையில் நாம் முக்கியமாகப் பயப்படுவது சால்மொனெல்லா. அது இரண்டு வழியில் வரும். ஒன்று வெளியிலிருந்து. கோழிக்கு எச்சமும் முட்டையும் ஒரே துவாரம் வழியாகத்தான் வருகின்றன, அதனால் ஓட்டின்மேல் கிருமி ஒட்டிக்கொள்வதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஓடு பார்க்கத்தான் கல் மாதிரி, அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன, ஈரம் பட்டால் அவை வழியாக உள்ளே போகும். இரண்டாவது வழி உள்ளேயிருந்தே. சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் என்கிற வகை கோழியின் உள்ளே முட்டை உருவாகிற உறுப்புகளில் குடியிருக்கும். கோழி கொக்கரித்துக்கொண்டு நன்றாகத்தான் திரியும், இரை எடுக்கும், முட்டையும் இடும். ஓடு உருவாவதற்கு முன்பே கிருமி உள்ளே போயிருக்கும். அந்த முட்டையை நீங்கள் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் பயனில்லை.

இந்த இரண்டு வழியிலும் நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி என்ற பேதம் கிடையாது. குப்பைமேட்டைக் கிளறி, சாக்கடை ஓரம் தண்ணீர் குடித்து, எலி ஓடுகிற மூலையில் படுக்கிற கோழிக்குக் கிருமி வருகிற வாய்ப்பு எப்படிக் குறையும்? ஊசி போடுவதால் கிருமி வரும் என்பது தலைகீழான பேச்சு. பிரிட்டனில் 1988 டிசம்பரில் எட்வினா கரி என்ற சுகாதார இணையமைச்சர் நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மொனெல்லா பட்டது என்று பேசி, முட்டை விற்பனை படுத்து, அவர் பதவியே போனது. அப்புறம் 1998 முதல் சிங்க முத்திரை போட்ட முட்டைத் திட்டத்தில் கோழிகளுக்குச் சால்மொனெல்லா தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். நோய் மளமளவென்று குறைந்தது. 2017ல், அந்த முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூட அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று அவர்களுடைய உணவுத் தர அமைப்பே சொல்லிவிட்டது. அங்கே முட்டையைக் காப்பாற்றியது ஊசிதான்.

எல்லா முட்டையிலும் கிருமி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஒரு பழைய மதிப்பீட்டில் 20,000 முட்டைக்கு ஒன்றில்தான் உள்ளே கிருமி என்றார்கள். நம் சந்தை முட்டைக்கு அந்தக் கணக்கு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒற்றை முட்டையில் வாய்ப்பு குறைவு என்பது புரியும். அதனால்தான் அப்பத்தாக்கள் "நாங்கள் குடிக்கவில்லையா" என்று கேட்க முடிகிறது.

ஜிம் தம்பி:

அக்கா, நான் தினமும் ஆறு முட்டை பச்சையாக அடிக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. வேக வைத்தால் புரதம் போய்விடும் என்று எங்கள் மாஸ்டர் சொன்னார்.

லேப் அக்கா:

தம்பி, நேர் எதிர். 1998ல் வெளிவந்த ஒரு ஆய்வில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடம்பில் சேர்ந்தது, பச்சையில் பாதிதான் சேர்ந்தது. உங்கள் ஆறு முட்டையில் மூன்றுக்குப் பக்கம் வீண். போதாததற்குப் பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒரு புரதம் இருக்கிறது, அது பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குச் சேரவிடாது. தினமும் நிறையக் குடிப்பவர்களுக்குத்தான் அது பிரச்சினை. வேகவைத்தால் அவிடின் கெட்டுப்போய் பயோட்டின் நமக்குக் கிடைக்கும். மாஸ்டரிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

கொத்தமங்கலம் ஆச்சி:

பச்சை முட்டை வெள்ளைக்கருவை எங்கே போட வேண்டுமென்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா? சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளையும் சேர்த்து அரைத்துச் சுவரில் பூசினார்கள். இன்றைக்கும் எங்கள் வளவு வீட்டுச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், கண்ணாடி மாதிரி வழவழ என்று குளுகுளு என்று இருக்கும். சுவருக்கு ஒரு வாந்தி பேதியும் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் கொடுத்தார்கள், நானும் குடித்தேன், மகள்களுக்கும் கொடுத்தேன். ஆனால் அன்றைக்கு எப்படிக் கொடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். கொல்லைப்புறத்தில் கோழி. அது இறங்கிக் கொக்கரித்ததும் ஓடிப்போய் எடுத்தால் முட்டை கையில் கதகதவென்று இருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் பிள்ளையின் வாயில். ஊர் ஊராய்ச் சுற்றி வாங்கித் தூக்குவாளியில் சேர்த்து வைத்ததைக் கொடுத்ததில்லை. சேர்த்த முட்டையை அடைக்கு வைப்போம், இல்லையென்றால் குழம்பு வைப்போம்.

லேப் அக்கா:

ஆச்சி, நான் இரண்டு பத்தியில் சொல்ல நினைத்ததை நீங்கள் "சூடு ஆறுவதற்குள்" என்று சொல்லிவிட்டீர்கள். இதுதான் முழு விஷயமும். புது முட்டையின் வெள்ளைக்கரு கிருமிக்குக் கொடிய இடம். அதில் லைசோசைம் என்கிற பொருள் சில கிருமிகளின் சுவரை உடைக்கும், இன்னொரு புரதம் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போடும். உள்ளே ஒன்றிரண்டு கிருமி இருந்தாலும் பெருக முடியாமல் கிடக்கும். நாள் ஆக ஆக, அதுவும் நம் சித்திரை வெயிலில், மஞ்சள்கருவைச் சுற்றியிருக்கிற மெல்லிய சவ்வு தளர்ந்துபோகும். மஞ்சள்கருவின் சத்து வெள்ளைக்குக் கசியும். அதற்குப் பிறகு கிருமிக்கு விருந்துதான்.

முறை அன்றைக்கு உருவானபோது அதோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: சொந்தக் கோழி, அந்த நிமிடத்து முட்டை. இன்றைக்கு முறை மட்டும் இருக்கிறது, நிபந்தனையைக் காணோம். தூக்குவாளியில் இருப்பது எந்தக் கோழி, என்றைக்கு இட்டது என்று அப்பத்தாவுக்கே தெரியுமா? சந்தையில் வாங்கியிருந்தால் விற்றவருக்கே தெரியாது. அந்த நிமிடத்து முட்டை என்றாலும்கூட கோழியின் உள்ளேயே கிருமி இருந்தால் தப்பிக்க முடியாது, அதனால் நான் அதற்கும் சரி சொல்ல மாட்டேன். ஆனால் ஆச்சி காலத்து ஆபத்தும் தூக்குவாளி ஆபத்தும் ஒன்றல்ல.

கோழிக்கூடு (புதுவயல்):

நான் நாட்டுக்கோழி வளர்க்கிறேன், என் பிழைப்பில் கை வைக்காதீர்கள் என்று எழுதத்தான் வந்தேன், ஆனால் அக்கா சொல்வது நிஜம். கிராமத்தில் வீட்டுக்கு நாலு, அஞ்சு என்று சேர்த்துத்தான் வியாபாரிக்குப் போகிறது. அது சந்தைக்கு வர ஒரு வாரமும் ஆகும், மேலும் ஆகும். சில சமயம் அடைக்கு வைத்துப் பொரிக்காத கூமுட்டைகூட நடுவில் வந்துவிடும், உடைத்தால் தெரு முழுக்க நாறும்.

ஒரு கேள்வி. எச்சம் ஒட்டின முட்டையைக் கழுவித்தான் கொடுக்கச் சொல்கிறார்கள், வாங்குகிறவர்களுக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும். கழுவலாமா?

லேப் அக்கா:

கழுவி அடுக்கி வைக்காதீர்கள். ஓட்டின்மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, துளைகளை அடைத்து வைப்பது அதுதான். கழுவினால் அது போய்விடும். குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் இன்னும் மோசம், உள்ளே இருப்பது சுருங்கும்போது வெளியில் உள்ள அழுக்குத் தண்ணீரை ஓடு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் முதல்தர முட்டையைக் கழுவவே கூடாது என்று சட்டம். அமெரிக்காவில் அரசுத் தரமுத்திரை பெறுகிற முட்டையைக் கழுவியே ஆக வேண்டும், ஆனால் கழுவிய முட்டை அதன்பிறகு குளிரிலேயே இருக்க வேண்டும். இரண்டு முறையும் வேலை செய்கிறது. நம் ஊரில் கழுவியும் விடுகிறோம், வெயிலிலும் வைக்கிறோம். காய்ந்த துணியால் துடைத்துவிட்டு விற்றுவிடுங்கள். ரொம்ப அழுக்கானதைத் தனியாக எடுத்து வீட்டில் நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். கூட்டில் வைக்கோலை அடிக்கடி மாற்றினாலே பாதி அழுக்கு குறையும்.

காரைக்குடி மருமகள்:

இழையை அப்படியே வாசித்துக் காட்டினேன். ஆச்சி எழுதியதைக் கேட்டதும் அப்பத்தா கொஞ்சம் இறங்கி வந்தார்கள். "அப்ப அவிச்சுக் கொடு, எண்ணெயை மட்டும் விட்டுராதே" என்று உத்தரவு. தண்ணீரில் போட்டு முட்டை மிதந்தால்தான் கெட்டது, மூழ்கினால் நல்லது, அதைப் பார்த்துப் பச்சையாகவே கொடுக்கலாமே என்றும் ஒரு யோசனை சொன்னார்கள். அது சரியா?

லேப் அக்கா:

அது வயதைத்தான் காட்டும். நாள் ஆக ஆக ஓட்டின் துளை வழியாக ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாகும், அதனால் மிதக்கும். சால்மொனெல்லா இருக்கிற முட்டையும் மூழ்கும். அது வாடையும் காட்டாது, நிறமும் மாற்றாது. நாறுகிற முட்டையை யாரும் குடிக்கப் போவதில்லையே. அவித்த முட்டையை நாலாக வெட்டி, நல்லெண்ணெயில் மிளகுத்தூளோடு ஒரு புரட்டுப் புரட்டிக் கொடுங்கள். பிள்ளையும் மூக்கைப் பிடிக்காமல் சாப்பிடும்.

தேவகோட்டை டு சிங்கப்பூர்:

இங்கே காலையில் காப்பிக் கடைக்குப் போனால் கிழங்கள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை அரை அவியல் முட்டையை உடைத்து, சோயா சாஸும் மிளகும் தூவி, அப்படியே உறிஞ்சுகிறார்கள். மலேயா போய் வந்த எங்கள் ஐயா ஊரில் வந்தும் அதையே கேட்பாராம். இங்கே யாரும் சாகவில்லையே?

காரணம் பிற்பாடு புரிந்தது. இங்கே அனுமதி பெற்ற பண்ணையின் முட்டைதான் உள்ளே வரும், ஓட்டிலேயே பண்ணைக் குறியீடு அச்சிட்டிருக்கும். 2021ல் ஒரு மலேசியப் பண்ணை முட்டையில் அந்த என்டெரிடிடிஸ் அகப்பட்டதும், குறியீட்டைச் சொல்லி அந்த முட்டையைச் சாப்பிடாதீர்கள் என்று அறிவித்து, கடைகளிலிருந்து திரும்பப் பெற வைத்துவிட்டார்கள். ஜப்பானில் சூடான சோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றித் தின்கிறார்கள், அங்கே பாக்கெட்டில் போடுகிற தேதியே பச்சையாகச் சாப்பிடத் தகுந்த கெடு. ஊர் முட்டையில் எந்தப் பண்ணை, என்ன தேதி என்று எங்கே பார்ப்பது?

முட்டைக்கடை:

எங்கேயும் பார்க்க முடியாது, சார். நாமக்கல்லிலிருந்து லாரியில் அட்டை அட்டையாக வந்து இறங்குகிறது. ஒரு அட்டைக்கு 30. என் வரைக்கும் வண்டி வந்த தேதியை அட்டையில் பேனாவால் எழுதி வைக்கிறேன், பழையது முதலில் போகும். ஆனால் என்னிடம் வாங்குகிற பெட்டிக்கடைக்காரர் வாசலில், வெயில் முகத்தில் அடிக்கிற இடத்தில் கம்பிக் கூடையில் தொங்கவிடுகிறார். அதற்கு நான் என்ன செய்ய?

வளவு வீட்டுக்காரன்:

நான் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் கேட்கிறேன். முட்டை இவ்வளவு ஆபத்து என்றால் ஆஃப் பாயில் தின்கிற தமிழ்நாடே ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்க வேண்டும்? மயோனைஸை மட்டும் ஏன் பிடித்தார்கள்?

லேப் அக்கா:

நல்ல கேள்வி. ஆஃப் பாயில் ஒரு முட்டை, ஒரு ஆள், உடைத்த இரண்டு நிமிடத்தில் வயிற்றுக்குள். அதில் ஆபத்து இல்லாமல் இல்லை, ஆனால் அது ஒருவரோடு போகும், கிருமி பெருக நேரமும் இல்லை. மயோனைஸில் ஓர் அட்டை முட்டையை மிக்ஸியில் அடிக்கிறார்கள். ஒரு முட்டையில் இருந்தது முழுப் பாத்திரத்துக்கும் பரவிவிட்டது. அப்புறம் அது கல்லாப் பக்கத்தில், கிரில் சூட்டில், மதியத்திலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்திருக்கிறது. சூடும் ஈரமும் வாய்த்தால் இந்தக் கிருமி 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கக்கூடும். ஒன்று 4 மணி நேரத்தில் 4,000ஐத் தாண்டும். எலுமிச்சையோ வினிகரோ போதுமான அளவு சேர்த்தால் புளிப்பு அதை அடக்கும். ஆனால் புளித்தால் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது என்று குறைத்துவிடுகிறார்கள்.

கேரளாவில் 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸை நிறுத்தினார்கள், தெலங்கானாவில் 2024 அக்டோபர் கடைசியில், தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டார்கள். முட்டையில்லாமல் பால், சோயாவில் செய்வதற்குத் தடை போடவில்லை. அதே சமயம் ஷவர்மா சாப்பிட்டு நடந்த எல்லாச் சாவுக்கும் முட்டைதான் காரணம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 மேயில் காசர்கோடு பக்கம் செறுவத்தூரில் ஒரு மாணவி இறந்தபோது பேசப்பட்டது ஷிகெல்லா என்ற வேறு கிருமி, அது முக்கியமாக அழுக்குக் கையாலும் தண்ணீராலும் வருவது.

ஜிம் தம்பி:

அக்கா, போன மாதம் ஒரு கடையில் கிரில் சாப்பிட்டு மறுநாள் எனக்குக் காய்ச்சலும் பேதியும். டைபாய்டு என்று மெடிக்கலில் மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் சால்மொனெல்லா என்கிறார்களே?

லேப் அக்கா:

குடும்பம் ஒன்று, ஆள் வேறு. டைபாய்டு கிருமி மனிதரிடம் மட்டும்தான் இருக்கும், மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாக வரும். முட்டை, கோழியில் வருவது வயிற்றோட்ட வகை. பெரும்பாலும் சாப்பிட்ட 6 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும், அதனால்தான் எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்ட கடையையே திட்டுகிறார்கள், கெடுதல் செய்தது அதற்கு முந்தின நாள் சாப்பாடாக இருக்கலாம். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வாந்தி என்றால் அனேகமாக வேறு கிருமியின் நஞ்சு.

பெரும்பாலோருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்து ஓய்வெடுத்தாலே நாலைந்து நாளில், ஒரு வாரத்தில் சரியாகும். ஆரோக்கியமானவருக்குப் பொதுவாக ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது, மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், பேதியைக் கட்டுகிற மாத்திரையும் வேண்டாம். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் குறைவது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். 5 வயதுக்குக் கீழே, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி என்றால் இதற்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம்.

மெஸ் அண்ணன்:

எல்லோரும் கடைக்காரனையே பேசுகிறீர்கள், நான் கடைக்காரன். செக்காலை ரோட்டுப் பக்கம் மெஸ். ராத்திரி ஏழரைக்கு மேல் ஆம்லெட், கலக்கி, முட்டைப் பரோட்டா என்று ஒரே நேரத்தில் இருபது குரல். மாஸ்டர் சாயங்காலமே ஒரு குண்டானில் ஒன்றரை அட்டை முட்டையை உடைத்து உப்புப் போட்டு அடித்து வைத்துவிடுவார், அகப்பையில் அள்ளி ஊற்றினால் வேலை ஓடும். இழையைப் படித்த பிறகு நேற்று அடுப்பங்கரையில் நின்று கவனித்தேன். முட்டையைத் தோசைக்கல் விளிம்பில் தட்டுகிறார், ஓட்டில் ஒரு சின்னச் சிறகு ஒட்டியிருக்கிறது, வெள்ளைக்கரு விரலில் வழிகிறது, அதே விரலால் வெங்காயம் கொத்தமல்லியை அள்ளி ஆம்லெட்டில் மட்டுமல்ல, பக்கத்தில் போகிற தயிர்ப் பச்சடியிலும் தூவுகிறார். துடைப்பதற்கு இடுப்புத் துண்டு. நானே இத்தனை வருடம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கண்ணில் பட்டதில்லை.

ஆம்லெட் நன்றாக வெந்துவிடும். கலக்கிதான் சிக்கல். சால்னா ஊற்றி அடித்து, கல்லில் விட்டு, மேல் தோல் பிடித்ததும் மடித்து எடுத்துவிட வேண்டும், உள்ளே கொளகொளவென்று இருந்தால்தான் கலக்கி. வேகவைத்தால் இலையைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

லேப் அக்கா:

அண்ணே, இப்படி வெளிப்படையாக எழுதியதற்கே நன்றி. வெள்ளைக்கரு 62, 63 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும், மஞ்சள்கரு 65லிருந்து 70க்குள். 70 வந்துவிட்டால் சால்மொனெல்லா நொடியில் சாகும். அதனால் இரண்டும் கெட்டியாகிவிட்டால் கிருமி செத்தது என்று கண்ணாலேயே சொல்லலாம். கொளகொள கலக்கியில் நடு இடம் அந்தச் சூட்டுக்கு வருவதில்லை. குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள் வந்தால் கலக்கி இல்லை, ஆம்லெட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கு, கேட்ட பிறகு அந்த முட்டையை மட்டும் உடைத்துச் செய்யுங்கள். கலக்கிக்குக் குண்டான் முட்டை வேண்டவே வேண்டாம். ஓர் அட்டை முட்டையின் கிருமியை அரைவேக்காட்டில் கொடுப்பது மயோனைஸ் கொடுப்பதற்குச் சமம்.

முட்டை உடைக்கிறவரும் வெங்காயம் தூவுகிறவரும் ஒருவரேயானால் தூவுவதற்கு ஒரு கரண்டி போடுங்கள். கை கழுவ சோப்பு அடுப்புப் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்த இடுப்புத் துண்டை மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடட்டும்.

மெஸ் அண்ணன்:

கலக்கிக்குத் தனி முட்டை, சரி. கரண்டியும் சரி. குண்டானை அடியோடு விட முடியாது, சனி ஞாயிறு சுற்றுலா வண்டிகள் கானாடுகாத்தான் பார்த்துவிட்டு மொத்தமாக வந்து இறங்கும். முட்டைப் பரோட்டாவுக்காவது வேண்டும். குண்டானை ஐஸ் மேல் வைத்தால் ஆகுமா? மீன் கடையில் ஐஸ் சும்மாவே கொடுப்பார்.

லேப் அக்கா:

மீன் கடை ஐஸ் வேண்டாம், அது தனி இழை போட்டுப் பேச வேண்டிய சமாச்சாரம். தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் உறைய வைத்து, ஓர் அகலச் சட்டியில் போட்டு, அதன் நடுவில் மூடி போட்ட சின்னக் குண்டானை வையுங்கள். ஒன்றரை அட்டை ஒரேயடியாக வேண்டாம், பத்துப் பத்தாக உடையுங்கள். தீர்ந்ததும் அதே குண்டானில் மேலே ஊற்றாமல் கழுவின வேறொன்றை எடுங்கள், பழையதன் அடியில் இருக்கிற ரெண்டு கரண்டிதான் புதுசையும் கெடுக்கும். ராத்திரி மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

மெஸ் அண்ணன்:

கொட்டுவதா! மாஸ்டர் அழுதுவிடுவார். சரி, மிச்சத்தை நன்றாகப் பொரித்து வேலைக்காரப் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு அப்போதே போட்டுவிடுகிறேன். குண்டான் இரண்டு வாங்க வேண்டும், நாளைக்குக் கல்லுக்கட்டிப் பக்கம் போகிறேன்.